தாமதப் பெட்டி

என் அண்ணிக்குப் பாட வராது. நாத்தனார் வாய்க்கொழுப்பில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சத்தத்தைக் கேட்டு இது சரி, இது தப்பு என்று சொல்வதுதான் எனக்கு வேலையே. அண்ணி எப்போதும் முணுமுணுப்பது ஒரே ஒரு மெட்டு. அது எந்தப் பாட்டு என்று அவளுக்கே தெரியாது. பாதி வழியில் ஓர் இடம் வரும். அங்கே சுருதி கால் இடறி விழும், எழும், தப்பான சுருதியிலேயே கூச்சமில்லாமல் மேலே நடக்கும். கை வேலையில் மூழ்கிவிட்டால் தான் முணுமுணுக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. இதைக் கேட்ட பிறகும் என் அண்ணன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான் என்றால், ஒன்று அவனுக்குக் காது மந்தம், இல்லை மனசு பெரிது.

அண்ணியும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே இடத்தில் வேலையும் செய்தோம். வேறொரு கோளில் பறப்பதற்காகச் சின்ன விமானம் செய்கிற இடம் அது. ஆள் ஏறுகிற விமானம் இல்லை. முழங்கால் உயரம், நான்கு குச்சிக் கால்கள், வயிற்றில் பேட்டரி, தலைக்கு மேல் இரண்டு அடுக்காக நீள நீளமான இறக்கைகள். நாங்கள் அதைத் தும்பி என்று கூப்பிட்டோம். அந்தக் கோளில் காற்று இருக்கிறது என்று பேர்தான். நம் காற்றோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு தேறினால் பெரிய விஷயம். அந்த இல்லாத காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே எழும்ப வேண்டுமானால் இறக்கை காகிதம்போல லேசாக இருக்க வேண்டும், பேய் பிடித்த மாதிரி சுற்றவும் வேண்டும்.

அங்கே இருக்கும் காற்றை இங்கேயே உண்டாக்குவதற்கு ஓர் இரும்புக் கூடம் வைத்திருந்தோம். பெரிய டிரம்மைப் படுக்க வைத்தாற்போல இருக்கும். தும்பியை உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்தி, பம்பை ஓட்டிக் காற்றை உறிஞ்சிவிடுவோம். அங்கே எடை குறைவு என்பதால் கூரையிலிருந்து ஒரு நூல் தும்பியை லேசாக மேலே இழுத்துப் பிடித்திருக்கும். கூடத்தின் கடைசியில் ஒரு சுவர், அது முழுக்கச் சின்னச் சின்ன விசிறிகள். அந்தக் கோளில் அடிக்கும் காற்றைப்போல அடிப்பதற்கு. அந்தச் சுவருக்குப் பின்னால் ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு ஓர் இடுக்கு உண்டு, அதற்குத் தனியாக ஒரு குட்டிக் கதவும் உண்டு. நூல், விசிறி, வயர் எல்லாம் அண்ணியின் பொறுப்பு. அந்த இடுக்கு அவளுடைய ராஜ்யம்.

கூடத்துக்குள் ஒரு பொட்டுத் தூசி போகக்கூடாது. அதனால் உள்ளே போகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டுக் காலில் துணியுறை மாட்டிக்கொண்டு போவார்கள். நாளாக நாளாக அந்த அடுக்குதான் எங்களுக்குக் காவல் என்று ஆகிவிட்டது. உள்ளே போகிறவர் மாட்டிவிட்டுப் போக அடையாள வில்லையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் ஜனங்கள். செருப்பை மட்டும் யாரும் மறப்பதில்லை. அடுக்கில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இல்லையென்றால் யாரும் இல்லை. பம்ப்காரர் அடுக்கைப் பார்ப்பார், ஒரு குரல் கொடுப்பார், கதவைச் சாத்துவார். அண்ணியின் நீலச் செருப்பில் ஒரு வார் அறுந்துபோய்ச் செம்புக் கம்பியால் கட்டியிருக்கும். புதுச் செருப்பு வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கோளிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி நம்மை வந்தடைவதற்குள் நிதானமாக ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். அவ்வளவு தூரம். அதற்கு நாங்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, கூடத்திலிருந்து வரும் படம், சத்தம் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் பிடித்து வைத்து அவ்வளவு நேரம் கழித்துத்தான் எங்களுக்குக் கொடுப்பார்கள். தாமதப் பெட்டி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், தும்பி விழுந்து உடைந்திருக்கும். எங்கள் திரையில் அது அப்போதுதான் சமர்த்தாகக் கிளம்பிக்கொண்டிருக்கும்.

எங்கள் தலைமைப் பொறியாளர் வாயைத் திறந்தால் வரும் முதல் சொல் ‘பொறு’. அவரைப் பொறு சார் என்றுதான் சொல்வோம், அவர் காதுபடவே. அவருடைய சட்டம் ஒன்றுதான். “நாம கேக்கறது எல்லாமே பழசு. நடந்து முடிஞ்சாச்சு. பழசுக்குக் கை நீட்டாதீங்க.” ஹெட்போனில் என்ன கேட்டாலும் கைகள் மடியில் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பதறிப்போய் எழுந்திருப்பார்கள். சில மாதத்தில் எல்லாருக்கும் பழகிவிடும். தும்பி நொறுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கையைக் கட்டி உட்கார்ந்திருக்க நானும் பழகியிருந்தேன். அது நல்ல பழக்கமா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

முதல் தடவை நடந்தது ஒரு சாதாரணக் காலைப்பொழுதில். ஒத்திகைக்கென்று வைத்திருந்த பழைய தும்பிதான் உள்ளே. கதவு சாத்தியாகிவிட்டது, பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கூட்டமாகப் பலர் பேசும் சத்தம் கேட்டது. அன்றைக்குக் கூடத்துப் பக்கம் நாங்கள் நான்கைந்து பேரைத் தவிர யாரும் கிடையாது. பிறகு ஒரு தும்மல். ஊரைக் கூட்டுகிற ஆண் தும்மல், அதன் வாலில் ஒரு சின்ன விசில். அடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. யாரோ, “பரவால்ல, பரவால்ல” என்றார். இரும்புக் கதவு சாத்தும் சத்தம். அதன் பிறகு, அண்ணியின் மெட்டு.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்த இடறுகிற இடம் வந்தது. சுருதி இடறியது. எழுந்திருக்கவில்லை, அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு தட்டல். இரும்பில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். முதலில், ‘யாருப்பா அங்கே’ என்று கூப்பிடுகிற மாதிரி. பிறகு வேகமாக. அதற்கும் பிறகு, கெஞ்சுகிற மாதிரி.

கை மடியில் இல்லை. எழுந்து ஓடினேன். கூடத்து வாசலில், செருப்பு அடுக்குக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பம்ப் நின்று வெளிக்காற்று மொத்தமும் உள்ளே பாயும். “அண்ணி உள்ள இருக்காங்க!” என்று கத்திக்கொண்டே அழுத்தினேன். காற்று யானை பிளிறுவதுபோல உள்ளே போனது. தும்பியின் இறக்கைகள் முறிந்து விழுந்தன.

“என்னடி ஆச்சு? எதுக்கு இப்படிக் கத்தறே?”

அண்ணி என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கையில் டீ. காலில் நீலச் செருப்பு.

மானம் கப்பலேறியது என்று சொல்வார்களே, அது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பம்ப்காரர், “அடுக்குல செருப்பே இல்லையேம்மா, ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பரிதாபமாகச் சொன்னார். அதுதான் கூடுதலாகச் சுட்டது. பொறு சார் பெட்டியைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், கடைசியில் என்றைக்கோ பதிவான பழைய சத்தம் உள்ளே தங்கியிருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். பதிவை அழித்துவிடும்படியும் சொன்னார். மறுநாளே சிவப்புப் பொத்தானுக்கு மேல் கனமான கண்ணாடி மூடி ஒன்று வந்து உட்கார்ந்தது. சாவி பொறு சாரின் பையில்.

நான் அழிக்கவில்லை. அண்ணிக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். பல்லைக் காட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தவள், மெட்டு வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

“நான்தான்டி இது. எனக்கே தெரியுது.”

“அந்தத் தட்டல்?”

“நான் எப்பவும் அங்க அப்படித் தட்டினதே இல்ல.” ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். “இத உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. அப்புறம் என்னை வேலைக்கே அனுப்ப மாட்டாரு.”

பழைய சத்தம் என்றால் பழைய நாள் ஒன்று இருக்க வேண்டும். அந்தத் தும்மல் யாருடையது? எங்களில் யாரும் அப்படித் தும்முவதில்லை. கூடத்துப் பக்கம் கண்ணாடி டம்ளர் எடுத்துப் போகவே அனுமதி இல்லை. நான் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தூங்கும்போது காதில் ஓடும் அளவுக்கு மனப்பாடம் ஆனது. கூட்டம், தும்மல், டம்ளர், பரவால்ல பரவால்ல, கதவு, மெட்டு, தட்டல். நான் பொத்தானை அழுத்தியதோடு பதிவும் நின்றிருந்தது. அதற்கு மேல் என்ன என்று தெரியாது. பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து என் தலைக்கு ஒரு மூடி போட்டிருப்பார்கள்.

மாதங்கள் போயின. நிஜத் தும்பி தயாரானது. அந்தக் கோளுக்குப் போகப்போகிற அதே தும்பி, அதே இறக்கை. கடைசியாக ஒரு தடவை கூடத்தில் பறந்து காட்டிவிட்டால் பெட்டியில் வைத்து அனுப்பிவிடலாம். தவறவிட்டால், அந்தக் கோள் மறுபடி பக்கத்தில் வர இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பொறு சாருக்கு அதற்குள் ஓய்வு வந்துவிடும். அவர் தன் கையால் முதல் இறக்கையைச் செதுக்கியபோது அவருக்குத் தலை முழுக்கக் கறுப்பு முடி இருந்ததாம்.

அன்றைக்குக் காலையில் கூடத்துக்குள் நின்று விசிறிகளை ஓட்டிப் பார்த்தபோது ஒரு கிரீச்சல் என் காதில் விழுந்தது.

“அண்ணி, கீழ் வரிசைல ஒண்ணு அழுவுதுங்க.”

“உன் காதுல எறும்பு புகுந்திருக்கும்.”

“நெஜமா. இந்தச் சத்தம் பறக்கற சத்தத்தோட கலந்தா அத்தனையும் வீண்.”

“சரி தாயே, போய்ப் பாக்கறேன். உன்னோட ஒரே ரோதனை,” என்று காதில் பஞ்சுருண்டையை அடைத்துக்கொண்டு போனாள். அந்த விசிறிகளின் கீச்சுக்குரல் அவளுக்கு ஆகாது.

நான் என் மேஜைக்குத் திரும்பி வந்து மைக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிவாக்கில் விருந்தாளிகள் வந்தார்கள். இந்த வேலைக்கு அனுமதி கொடுத்த பெரிய மனிதர், அவரோடு ஒரு கூட்டம். அலுவலக மேலாளர் முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். முந்தின நாளிலிருந்தே அவர் கையில் துடைப்பம் இல்லாத குறைதான். தரை பளபளத்தது. எனக்கு ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காது வெளியே. ஹெட்போனில் அப்போதுதான் என் குரல், “கீழ் வரிசைல ஒண்ணு அழுவுதுங்க” என்றது. பெட்டியின் தயவில், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் பேசியது.

வெளியே இருந்த காதில் தும்மல் விழுந்தது.

ஊரைக் கூட்டும் தும்மல். வாலில் ஒரு சின்ன விசில்.

அந்தப் பெரிய மனிதர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க மேலாளர் ஒரு தட்டை நீட்டினார். தட்டில் கண்ணாடி டம்ளர்கள். ஐயோ, எடுக்காதீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அதற்குள் டம்ளர் நழுவியது. உடைந்தது.

“பரவால்ல, பரவால்ல,” என்றார் அவர்.

பம்ப்காரர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று குரல் கொடுத்தார். கூட்டத்தின் பேச்சில் அது எனக்கே பாதிதான் கேட்டது. அவர் திரும்பி அடுக்கைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே ஓடினேன். அண்ணி அங்கே இல்லை. விருந்தாளிகளுக்கு நடுவில் இல்லை. அடுக்கைப் பார்த்தேன். துடைத்து வைத்தாற்போலக் காலியாக இருந்தது. எப்போதும் ஓரத்தில் கிடக்கும் பிய்ந்த துணியுறைகூட இல்லை. அடுக்கின் மேல்தட்டில் ஒரு பூச்சாடி இருந்தது.

“அண்ணி வெளிய வந்தாங்களா?”

பம்ப்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பழைய கதை தெரிந்தது. “செருப்பு இல்லம்மா. நல்லா பாத்துட்டேன்.”

“இங்க ஏன் பூச்சாடி இருக்கு?”

“எனக்கென்ன தெரியும்? விருந்தாளிங்க வர்றாங்கன்னு வெச்சிருப்பாங்க.”

பம்ப் உறுமத் தொடங்கியது. பொறு சார் வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. “மறுபடியுமா?” என்றார் மெதுவாக, விருந்தாளிகளுக்குக் கேட்காதபடி.

“சார், அண்ணி உள்ள இருக்காங்க. விசிறிக்குப் பின்னால. மூடியத் திறங்க.”

“யாரு பாத்தது? நீ ஏதாவது கேட்டியா?”

“இல்ல. இன்னிக்கு எதுவும் கேக்கல.”

அதுதான் உண்மை. அன்றைக்கு அவள் தட்டினால் அது எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் கழித்துத்தான் வந்து சேரும். அதற்குள் உள்ளே காற்று இருக்காது. கேட்க வேண்டியதை நான் மாதங்களுக்கு முன்னாலேயே கேட்டாகிவிட்டது.

“பொறு,” என்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன். “கேன்டீன்ல, மேல ஸ்டோர்ல தேடச் சொல்றேன். ரெண்டே நிமிஷம். உள்ள இருக்கறது நெஜத் தும்பிம்மா. இன்னொண்ணு கிடையாது.”

ஒரு பையனை விரட்டினார். அவன் ஓடினான். பம்பின் சுருதி ஏறிக்கொண்டே போனது. காற்று குறையக் குறைய அது அப்படித்தான் ஏறும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது ஏறிய ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டு நின்றேன். தப்பாக இருந்தால்? அண்ணி சிரித்துக்கொண்டே டீயோடு வந்து நின்றால்? இத்தனை பேருடைய இத்தனை வருட உழைப்பு. என் பேச்சை இனி ஒரு நாய்கூடக் கேட்காது. அவள் அப்படி வந்து நிற்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். வந்து நின்று என்னைத் தலைகுனிய வை அண்ணி, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அவள் வரவில்லை. பூச்சாடியை எடுத்து மூடியில் அடித்தேன். ஒரு அடிக்கு உடையவில்லை. பொறு சார் என் தோளைப் பிடித்தார். இரண்டாவது அடிக்கு மூடியும் சாடியும் சேர்ந்து உடைந்தன. அழுத்தினேன்.

காற்று பாய்ந்தது. உள்ளே நூல் அறுந்து தும்பி குப்புற விழுவதைக் கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இறக்கைகள் பொடிப்பொடியாகப் போயின. பொறு சார் கண்ணை மூடிக்கொண்டார். விருந்தாளிகள் முகத்தில் ஈயாடவில்லை.

கதவு திறந்ததும் பம்ப்காரர்தான் முதலில் ஓடினார். விசிறிச் சுவரின் குட்டிக் கதவு சாத்தி, வெளிப்பக்கத் தாழ்ப்பாள் தானாக விழுந்திருந்தது. பெரிய கதவு சாத்தின அதிர்வில் விழுந்திருக்க வேண்டும். நீக்கினார். அண்ணி அந்த இடுக்கில் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. உள்ளங்கைகள் ரத்தம் கட்டி வீங்கியிருந்தன. மூச்சு இருந்தது. மூச்சு இருந்தது என்று நான் எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது.

செருப்புகள் மேலாளர் அறை அலமாரியில் கிடைத்தன. அடுக்கில் கிடந்த எல்லாவற்றையும், செம்புக் கம்பி கட்டிய அந்த ஜோடி உட்பட, மேலாளர் தன் கையாலேயே எடுத்து ஒரு பையில் போட்டு உள்ளே வைத்திருந்தார். “பெரியவங்க வர்ற எடத்துல அசிங்கமா இருந்துச்சும்மா,” என்று சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பல வருட அனுபவம். ஆனால் அவர் ஒரு நாளும் கூடத்துக்குள் போனவர் இல்லை.

விசாரணை நடந்தது. என்னை யாரும் திட்டவில்லை. “எப்படித் தெரிஞ்சுது?” என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள். பூச்சாடியைப் பார்த்துச் சந்தேகம் வந்தது என்றேன். பொறு சார் நம்பவில்லை. ஆனால் பிறகு தனியாக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வீட்டில் அண்ணனின் காவலில் இருந்து, ஒருவழியாக வேலைக்குத் திரும்பினாள். அன்றைக்கே, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அன்னிக்கு நான் தட்டினது பெட்டில இருக்குமில்ல?”

இருக்கும். நான் ஹெட்போனை எறிந்துவிட்டு ஓடிய பிறகும் பெட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வந்து சேர்ந்த சத்தம் முழுக்கப் பதிவாகியிருந்தது. யாரும் கேட்கவில்லை. எனக்குத் தைரியமில்லை.

“எதுக்கு அண்ணி அது?”

“கதவு திறக்கற சத்தத்த நான் கேக்கணும்டி. அன்னிக்குக் கேக்கல. மயங்கிட்டேன். ராத்திரி கண்ண மூடினா இன்னும் உள்ளயே இருக்கற மாதிரி இருக்கு.”

மறுக்க முடியவில்லை. ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாக வைத்துக்கொண்டோம்.

கூட்டம் பேசியது. தும்மல். டம்ளர். பரவால்ல, பரவால்ல. கதவு. அண்ணியின் மெட்டு. “சீ, இவ்வளவு மோசமாவா இருக்கு?” என்று கூச்சத்தோடு சிரித்தாள். இடறியது. நின்றது. தட்டல் ஆரம்பித்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கூப்பிடுகிற தட்டல். வேகமான தட்டல். கெஞ்சுகிற தட்டல். “இப்ப காத்து வரும்,” என்றேன் அவளிடம். “இப்ப நான் பொத்தான அழுத்திடுவேன்.”

காற்று வரவில்லை.

தட்டல் மெலிந்தது. இடைவெளி விட்டு விட்டு வந்தது. கடைசியில் அது தட்டலாகக்கூட இல்லை, நகத்தால் இரும்பைச் சுரண்டுகிற மாதிரி ஏதோ ஒன்று. அதுவும் நின்றது. பிறகு மெல்லிய காற்றுக்கே உரிய அந்த அடியாழ நிசப்தம். கூடம் வெறுமையானால் எப்படிக் கேட்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு இறக்கைகள் சுற்ற ஆரம்பித்தன.

என் அத்தனை வருட வேலையில் அவ்வளவு சுத்தமான சுற்றலை நான் கேட்டதில்லை. விசிறிகள் ஓடின, ஒன்றுகூட அழவில்லை. கீழ் வரிசை விசிறியை யாரோ அருமையாகச் சரிசெய்திருந்தார்கள். தும்பி எழும்பியது, நின்றது, திரும்பியது, பூப்போல இறங்கியது. அன்றைக்குக் குப்புற விழுந்து பொடிப்பொடியான அதே தும்பி. பம்ப் நின்று, காற்று மெதுவாக, பக்குவமாக உள்ளே வந்தது. கதவு திறந்தது. கைதட்டல். பெரிய மனிதர் மறுபடி தும்மினார். “எத்தன வருஷம், எத்தன வருஷம்” என்று பொறு சாரின் குரல் உடைந்தது.

அப்புறம் என் குரல். சிரிப்பும் பூரிப்புமாக, கூடத்துக்குள்ளிருந்து.

“அண்ணி எங்க? விசிறிச் சத்தமே இல்ல பாத்தீங்களா, எல்லாம் அவங்க கை. யாராவது கூப்பிடுங்கப்பா. இதப் பாக்காம எங்க போய்த் தொலைஞ்சாங்க?”

துணியுறை மாட்டிய காலடிகள் நடந்தன. மைக்கைத் தாண்டி, விசிறிச் சுவரை நோக்கி. அந்த நடையை எனக்குத் தெரியும். அது நான்தான். தாழ்ப்பாளில் கை வைக்கும் சத்தம் கேட்டது.

அண்ணி வயரைப் பிடுங்கினாள்.

அவள் என் கையைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கைத் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது, ஆனால் சூடாக இருந்தது. “அழிச்சுடு,” என்றாள். இந்த முறை அழித்துவிட்டேன்.

இப்போது அடுத்த தும்பி தயாராகிக்கொண்டிருக்கிறது. விசிறிச் சுவரின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. அடுக்கை மட்டும் நம்புவதில்லை, ஆளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவு. அதெல்லாம் சரி. ஆனாலும் அண்ணி உள்ளே போனால் நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். அவளுடைய நீலச் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உள்ளேயிருந்து அந்த மெட்டு வரும். இடறுகிற இடம் நெருங்க நெருங்கச் செருப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இடறும். சில நாள் அங்கேயே நின்றும்விடும், ஒரு திருகாணி கீழே விழுந்திருக்கும், தேடிக்கொண்டிருப்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

“இருக்கேன்டி,” என்பாள் உள்ளேயிருந்து. “இருக்கேன்.”